வீட்டுக்கு ஒருத்தி

ஒகுனோமியில் வேன் நின்றபோது பகல் பன்னிரண்டரை இருக்கும். சுற்றிலும் மலை. நடுவே பழைய கோட்டை ஊர். ஜனவரி மாதமாகியும் அங்கே பொட்டுப் பனி விழுந்திருக்கவில்லை. வறட்டுக் காற்று மட்டும் தெருவைத் துடைத்துக்கொண்டு போனது. நாக்கால் ஈரப்படுத்திய உதடு அடுத்த நிமிடமே வெடிக்கிற குளிர்.

நகோயாவிலிருந்து ஒன்பது பேர் கிளம்பி வந்திருந்தார்கள். சாமுராய் காலத்து ஊர்களையும் கைத்தொழில்களையும் பார்க்கிற இரண்டு நாள் பயணம். முதல் நாள் கோட்டை பார்த்தாயிற்று. இன்று காலை வாள் அடிக்கிற பட்டறையும் முடிந்தது. மதியத்துக்கு இரண்டு ஏற்பாடு இருந்தது. ஆயுத மண்டபத்துக்குப் போகலாம், அல்லது பழைய சாமுராய் வீடு ஒன்றில் மரக்கிண்ணத்துக்கு அரக்குப் பூசக் கற்றுக்கொள்ளலாம். ஏழு பேர் ஆயுதத்துக்குக் கை தூக்கினார்கள். அரக்குக்குத் தூக்கிய ஒரே கை கினு அம்மாளுடையது.

"வாளைப் பார்த்து எனக்கு என்ன ஆகணும்? கிண்ணம்னா கஞ்சியாவது குடிக்கலாம்" என்றாள் கினு.

கினுவுக்கு எழுபத்து மூன்று வயது. ஒட்டிய உடம்பு, ஓயாத வாய். அவள் எங்கே போகிறாளோ அங்கே மசுமியும் போக வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே முடிவான விஷயம். மசுமி அவளுடைய மருமகள். நாற்பத்தாறு வயது. ஒரு மருந்துக்கடையில் வேலை. கணவன் தத்சுரோ மாரடைப்பில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்தான். கடை மூடி எத்தனை நிமிடத்தில் பஸ் வரும், பஸ்ஸிலிருந்து வீட்டுக்கு எத்தனை நிமிடம் நடை என்பதெல்லாம் கினுவுக்கு மனப்பாடம். ஐந்து நிமிடம் பிந்தினால் கேள்வி வரும். பிந்தாவிட்டாலும் வேறொரு கேள்வி வரும்.

மசுமியின் கோட்டில், உள்பையில், ஒரு காகிதம் மடித்து இருந்தது. வார்டு அலுவலகத்துப் படிவம். செத்துப்போன கணவனின் வீட்டாரோடு இனி உறவில்லை என்று மனைவி எழுதிக் கொடுப்பது. அதற்கு மாமியார் சம்மதம் தேவையில்லை. கையெழுத்துக்குப் பதிலாக மசுமி தன் பெயர் முத்திரையைக் குத்தி மூன்று வாரமாகிறது. கொடுப்பதற்கு முன் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் இந்தப் பயணத்துக்கே வந்தாள். நேற்று ராத்திரி விடுதியில் படுக்கை விரிக்கும்போது சொல்ல வாயெடுத்தாள். "தலகாணி உயரம் சரியில்லை" என்றாள் கினு. பேச்சு அதோடு போயிற்று.

வழிகாட்டி இகுச்சி இருவரையும் இறக்கிவிட்டான்.

"ரெண்டு மணிக்கு வந்து கூட்டிக்கிறேன்மா. பெரியம்மா, கையில அரக்கு படாம பார்த்துக்கங்க. அரிச்சுத் தள்ளிடும்."

"என் தோல்ல அரக்கே பயந்து ஓடும். நீ வண்டியப் பார்த்து ஓட்டு" என்றாள் கினு.

மண் சுவர் நீளமாய்ப் போய் ஒரு வாசலில் முடிந்தது. நிலைப்படி தாழ்வு. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே வாசலிலேயே காத்திருந்தாள் அந்த வீட்டுக்காரி கொமாகி. அறுபதை நெருங்கிய பெண்மணி. கருநீலக் கிமோனோ. விரல் நுனிகளில் எத்தனை கழுவினாலும் போகாத கறுப்பு.

"வாங்கம்மா. ரெண்டு பேர்தானே?"

பதிவேட்டை எடுத்து வைத்தாள். கினு தன் பெயரை எழுதினாள். கொமாகி மசுமியைப் பார்த்துவிட்டு மறுபடி கினுவிடமே கேட்டாள்.

"இவங்க உங்க பொண்ணா?"

"மருமக."

கொமாகி தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு, "மூச்சுத் தொந்தரவு எதுவும் இல்லையே? உள்ளே காத்து கம்மி" என்றாள்.

"எனக்கா? ஒண்ணும் கிடையாது" என்றாள் கினு.

மசுமி திரும்பிப் பார்த்தாள். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுகிற மருந்து கினுவின் கைப்பையில் எப்போதும் இருக்கும். கினு அவள் காதருகே குனிந்தாள். "சொன்னா ஓரமா உட்கார வெச்சு டீ குடுப்பா. அதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?"

அரக்குக்குத் தூசி ஆகாது என்று கோட்டு, கைப்பை, ஃபோன் எல்லாவற்றையும் முன்னறையிலேயே வைக்கச் சொன்னாள் கொமாகி. பருத்தி மேலங்கியும் தலைத்துணியும் கொடுத்தாள். வழுவழுத்த மேலங்கி. கொல்லைப்புறம் கூட்டிப் போனாள்.

அங்கே நின்றது களஞ்சியம். வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய மண் கட்டடம். ஜன்னல் என்று பார்த்தால் கூரையடியில் ஒன்றே ஒன்று, அதுவும் மூடிக் கிடந்தது. கதவுதான் பார்க்கத் தக்கது. இரண்டு சாண் கனத்துக்கு மண்ணாலேயே செய்த கதவு. அதன் ஓரம் படிப்படியாக வெட்டப்பட்டு, நிலையில் இருக்கும் படிகளில் போய்ப் பொருந்தும். நெருப்பு வந்தாலும் உள்ளே புகை போகாது.

உள்ளே மங்கலான ஒரு பல்பு. சுற்றிலும் மரத் தட்டுகள், அவற்றில் கறுப்பும் சிவப்புமாய்க் கிண்ணங்கள். நடுவில் தாழ்ந்த மேஜை. புளித்த மாவு போன்ற அரக்கு வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. எண்ணெய் தேய்க்காத தலைமுடி போல. மசுமி மூக்கைச் சுளித்தாள்.

"தூரிகை என்ன முடி இது? குதிரையா?" என்று கேட்டாள் கினு.

"பொம்பளைங்க தலைமுடி. அதுதான் நல்லா வளையும்" என்றாள் கொமாகி.

இருவருக்கும் ஆளுக்கொரு மரக்கிண்ணம் கொடுத்தாள். தேன் பதத்தில் இருந்த கறுப்பு அரக்கைத் தொட்டு, ஒரே திசையில் இழுக்கச் சொன்னாள். கினு வேகவேகமாய்ப் பூசினாள். மசுமி மெதுவாக இழுத்தாள். கிண்ணத்தின் கறுப்புக்குள் அவளுடைய முகம் தெரிந்தது.

"இது எப்போ காயும்? வெயில்ல வெப்பீங்களா?" என்றாள் கினு.

"அரக்கு வெயில்ல காயாதும்மா. ஈரத்துலதான் காயும். காத்துல ஈரம் வேணும், ஒரு வெதுவெதுப்பு வேணும். எங்க ஊர் குளிர்ல ரெண்டும் கிடையாது."

"அப்போ?"

கொமாகி தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். ஒப்பித்துப் பழகிய கதை மாதிரி இல்லை. பக்கத்து வீட்டில் போன வாரம் நடந்ததைச் சொல்வது போலிருந்தது.

"கோட்டை பிரபுவோட பொண்ணுக்கு எடோ தலைநகர்ல பெரிய இடத்துல சம்பந்தம் ஆச்சு. வசந்த காலத்துல கல்யாணம். சீர் சாமான் முன்னூறு உருப்படி, எல்லாம் அரக்கு வேலை. அந்த வருஷம் இதே மாதிரி வறட்டுக் குளிர். பூசினது பூசினபடி ஈரமாவே நிக்குது. அடுப்பு வெச்சா புகை படியும். துணி நனைச்சுக் கட்டினா நூல் உதிரும். என்ன பண்றதுன்னு யோசிச்சாரு பிரபு. மனுஷ மூச்சுல ஈரமும் இருக்கு, வெதுவெதுப்பும் இருக்கு, சுத்தமானதும்கூட இல்லையா? கோட்டைக்குக் கீழே முப்பது வீடு. வீட்டுக்கு ஒருத்தி வரணும்னு உத்தரவு போட்டாரு. எல்லாரையும் இங்கே கொண்டாந்து, சுவரோரமா மண்டி போட வெச்சாங்க. சுவரைப் பார்த்து. சாமானைப் பார்த்து இருமிடக் கூடாதே. பேசக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை கதவு திறந்து கஞ்சி. நாப்பது நாள்."

மசுமியின் தூரிகை நின்றது.

"எல்லாரும் திரும்பி வந்தாங்களா?"

"சாமான் முன்னூறும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு" என்றாள் கொமாகி.

"யாரை அனுப்பியிருப்பாங்க ஒவ்வொரு வீட்டுலயும்?" என்று கேட்டாள் கினு.

"நீங்களே சொல்லுங்கம்மா. வீட்டுல பெத்த பொண்ணும் இருக்கு, வாழ வந்த பொண்ணும் இருக்கு. உத்தரவு வந்தா யாரை அனுப்புவீங்க?"

கினு சிரித்தாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு? இவளைத்தான்." தூரிகையால் மசுமியைக் காட்டினாள்.

கொமாகி சிரிக்கவில்லை. கினுவின் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள்.

"அப்போ சரி" என்றாள்.

கிண்ணங்களைத் தட்டில் வைத்தார்கள். கொமாகி எழுந்து கதவருகே போனாள்.

"தூசி அடங்கணும். கால் மணி நேரம் அசையாம உட்கார்ந்திருங்க. வந்து திறக்கறேன்."

"நாங்களும் இப்பவே வெளிய வந்துடறோமே" என்றாள் மசுமி.

"நடந்தா தூசி கிளம்பும்மா."

கதவு சத்தமே இல்லாமல் மூடியது. படிகள் படிகளில் போய்ப் பொருந்தின. காதுக்குள் மட்டும், கிணற்றில் முங்கினது போல, ஓர் அடைப்பு.

காற்றுச் சத்தம் நின்றுவிட்டது. தெரு நின்றுவிட்டது.

"நல்ல வேளை, கழிப்பறைக்குப் போயிட்டு வந்தேன்" என்றாள் கினு.

மசுமி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்புறத்தில் கைப்பிடி இல்லை. வளையம் இல்லை. விரல் நுழைகிற இடுக்குகூட இல்லை.

கொஞ்ச நேரம் போயிற்று. எவ்வளவு என்று தெரியவில்லை. கைக்கடிகாரமும் முன்னறையில் இருந்தது. மசுமி மேலங்கியின் கழுத்தைத் தளர்த்தினாள். உள்ளே வரும்போது விரல் விறைத்த குளிர். இப்போது அக்குளில் வேர்த்தது. பல்பைச் சுற்றி மஞ்சளாய் ஒரு வளையம், குளியலறை விளக்கைச் சுற்றி இருக்குமே அப்படி.

சுவரைத் தொட்டாள். கை நனைந்தது.

"அத்தை, சுவர் வேர்க்குது."

"மண் சுவர்தானே." கினுவின் குரலோடு ஒரு விசிலும் சேர்ந்து வந்தது. மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது.

"மருந்து?"

"பையில."

"பேசாம இருங்க. மெதுவா விடுங்க."

கினு கண்ணை மூடி மூச்சு விட்டாள். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. மசுமி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இழுப்பு இல்லாமல், நிதானமாக, ஆழமாக வந்தது. பரவாயில்லை என்று நினைத்தாள்.

அப்போது கினு கண்ணைத் திறந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

உள்ளே. வெளியே.

நான்கு பக்கமும், தரையிலிருந்து ஒன்றரை முழ உயரத்தில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மசுமி எழுந்து கதவில் இரண்டு கையாலும் தள்ளினாள். மலையைத் தள்ளியது போலிருந்தது. குத்தினாள். மண்ணில் குத்திய சத்தம் மணிக்கட்டோடு நின்றது. கத்தினாள். தன் குரல் பஞ்சில் விழுந்தது போல அங்கேயே அமுங்குவதைத் தானே கேட்டாள்.

கத்தி முடித்ததும் மூச்சை இழுக்கப் பார்த்தாள். பாதிதான் வந்தது. விடும்போது மட்டும் நீளமாய், தன் விருப்பம் இல்லாமல், அடிவயிற்றிலிருந்து போனது. யாரோ வாயருகே வாயை வைத்து உறிஞ்சுவது போல.

பல்பு இன்னும் மங்கியது. அந்த வெளிச்சத்தில்தான் அவள் சுவரைச் சரியாகப் பார்த்தாள். ஈரக்கறை என்று முதலில் நினைத்தது கறை இல்லை. கையகலத்துக்கு வட்டங்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒரே உயரத்தில், வரிசையாகச் சுவர் முழுக்க. மண் அந்த இடங்களில் மட்டும் கறுத்து, வழவழத்து, அரக்குப் பூசியது மாதிரி பளபளத்தது.

ஒரு வட்டத்தின்மேல் பனித்திரை படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

பல்பு அணைந்தது.

"மசுமி."

"இங்கேதான் இருக்கேன் அத்தை."

"கையைக் குடு."

இருட்டில் துழாவி அந்த எலும்புக் கையைப் பிடித்தாள். கினுவின் இழுப்பு இப்போது தனியாகத் தெரிந்தது. வேகமாக, மேலோட்டமாக, உள்ளே போகிற வழி தெரியாமல்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் கினு. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நின்றாள். "அந்தக் காகிதத்தை... எப்போ குடுக்கப் போறே?"

மசுமியின் விரல்கள் அந்தக் கைமேல் இறுகின.

"உங்களுக்கு எப்படி..."

"உன் கோட்டுல தூசியை நான்தானே தட்டி வெக்கறேன். உள்பையைத் தடவாம எப்படித் தட்டறது? மூணு வாரமா இருக்கு. எப்போ வாயைத் திறப்பேன்னு பார்த்துட்டே இருக்கேன்."

"நேத்து சொல்ல வந்தேன்."

"தெரியும். அதான் தலகாணிப் பேச்சை இழுத்தேன்."

அந்த நிலையிலும் மசுமிக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. வெளியே வந்தது சிரிப்பில்லை, நீண்ட மூச்சு. அதைத் திரும்ப இழுக்க முடியவில்லை. தலை சுற்றியது. மாமியாரின் கை நழுவியது.

காதருகே யாரோ பேசினார்கள். பெண் குரல். பேசிப் பழக்கம் விட்டுப்போன, காய்ந்த குரல்.

"இன்னும் காயலை."

பிறகு மறுபக்கத்திலிருந்து. "இன்னும் காயலை."

மசுமி நின்றுகொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். அவள் நிற்கவில்லை. மண்டியிட்டிருந்தாள். முழங்கால்கள் இரண்டும் தரைப்பலகையில் இரண்டு குழிகளுக்குள், தனக்கென்றே செதுக்கி வைத்தது போல, பொருந்தி உட்கார்ந்திருந்தன. முகம் சுவருக்கு ஒரு விரற்கடை தூரத்தில். இடது தோளில் ஒரு தோள் இடித்தது. வலது தோளில் இன்னொரு தோள். இரண்டும் வெதுவெதுப்பாக, நனைந்த துணியோடு. நடுவில் ஒரே ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் அவள் இருந்தாள்.

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் கேட்கவில்லை.

உள்ளே. வெளியே.

அவளுடைய மூச்சும் அவர்களுடையதோடு சேர்ந்துகொண்டது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயங்கரம். சேர்ந்ததும் வலி நின்றது. தலைசுற்றல் நின்றது. இதுவும் பழக்கமானதுதானே என்று உடம்பு ஒத்துக்கொண்டது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி அந்த வீட்டுக்குள் குனிந்து நுழைகிறபோது தினமும் ஒத்துக்கொள்கிற மாதிரி. இப்படியே இருந்துவிடலாம். கஞ்சி வரும்.

"மசுமி." கினுவின் குரல் எங்கிருந்தோ வந்தது. "மசுமி, பதில் சொல்லு."

வாய் திறந்தது. பேச்சு வரவில்லை. பேசக் கூடாது.

தரையில் கை துழாவுகிற சத்தம். ஒரு முனகல். மேஜை இடித்துக் கிண்ணம் உருண்டது. கினு தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள். இழுப்பு அறை முழுவதும் கேட்டது. ஒரு கை மசுமியின் முதுகைத் தொட்டது, மேலங்கியைக் கொத்தாகப் பிடித்தது.

"விடுங்க இவளை" என்றாள் கினு.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

"நான் அனுப்பலை இவளை. வாய்ல வந்ததைச் சொன்னேன். என் வாய் அப்படித்தான், ஊருக்கே தெரியும்." இருமினாள். வெகுநேரம் இருமினாள். "இவ என் மருமகளும் இல்லை. முத்திரை குத்தியாச்சு. என் வீட்டுப் பொண்ணே இல்லாதவளை நான் எப்படி அனுப்ப முடியும்? குடுக்க எனக்கு உரிமை இல்லை. குடுக்கவும் மாட்டேன்."

சத்தம் நின்றது.

முப்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டது போல. அந்த நிசப்தத்தில் சுவரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்து தரையில் விழுவது கேட்டது.

மசுமியின் முழங்கால் குழியைவிட்டு வந்தது. பின்பக்கமாய் விழுந்தாள். தரை முழுக்க ஈரம். காற்றை வாயால் அள்ளி அள்ளி விழுங்கினாள். பக்கத்தில் கினு இருப்பது தெரிந்தது. ஆனால் கினு இவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை. சுவரைப் பார்த்து யாரிடமோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். இழுப்புக்கு நடுவே பாதிச் சொற்கள்தான் காதில் விழுந்தன.

"...கூப்பிட வரவே இல்லையா... அடப்பாவமே... இவ்வளவு நாளா..."

பிறகு, தெளிவாக:

"சரி, எழுந்திரு. வா, வீட்டுக்குப் போலாம்."

தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து மசுமி எழுந்தாள்.

கதவின் ஓரத்தில் வெளிச்சக் கோடு ஒன்று விழுந்தது. படி படியாக அது அகன்றது. வறட்டுக் குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. வாசலில் கொமாகி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாளோ. முகத்தில் திடுக்கிடல்.

"ரெண்டு பேருமா வர்றீங்க?" என்றாள்.

மசுமி கினுவை இடுப்போடு அணைத்து வெளியே இழுத்தாள். முற்றத்துச் சரளைக்கல்லில் இருவரும் உட்கார்ந்தார்கள். மசுமி வெறுங்காலோடு முன்னறைக்கு ஓடி, கைப்பையைக் கவிழ்த்து மருந்தைக் கொண்டுவந்து கினுவின் வாயில் வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று இழுப்பு. நீலம் பாரித்திருந்த உதடு மெல்ல நிறம் திரும்பியது.

அப்போதுதான் மசுமி திரும்பிக் களஞ்சியத்தைப் பார்த்தாள். கொமாகி இன்னும் அங்கேதான் இருந்தாள். திறந்த வாசலைப் பார்த்து, நெற்றி தரையில் படக் குனிந்திருந்தாள். நிமிரவில்லை. ஒருவர் மெதுவாக நடந்து தாண்டிப் போகும்வரை காத்திருப்பவள் போல அவள் தலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாய்த் திரும்பியது, வாசலிலிருந்து கினு உட்கார்ந்திருந்த பக்கமாக.

முன்னறைச் சுவர்க்கடிகாரம் ஒன்று நாற்பத்தொன்றைக் காட்டியது. அவர்கள் உள்ளே அடைபட்டிருந்தது பதினாறு நிமிடம்.

இகுச்சி வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். கினு வேண்டாம் என்றாள். கிண்ணங்களை எடுத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டான். இருவரும் வேனில் ஏறினார்கள். வேனில் வந்தபோது பக்கத்துப் பக்கத்து இருக்கை. திரும்பும்போது கினு ஜன்னலோர இருக்கையைக் காலியாக விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"நீ பின்னாடி போய் காலை நீட்டிப் படு" என்றாள்.

மசுமியின் வாயைச் சுற்றி அன்று சாயங்காலமே தடித்து வீங்கியது. அரக்கு ஒவ்வாமை என்றார் டாக்டர். எங்கே பட்டது என்று கேட்டார். படவில்லை என்றாள். மூன்று வாரம் தோல் உரிந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை கினுவே மசுமியின் கோட்டை எடுத்து வந்து நீட்டினாள். "போய்க் குடுத்துட்டு வா. முத்திரை மங்கிடப் போகுது." குரலில் குத்தல் இல்லை. மசுமி நின்று பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். கினு ஏற்கெனவே உள்ளே திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.

மார்ச் மாதத்தில் மசுமி கனயாமாவுக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக் குடிபோனாள். முதல் நாள் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கினாள். குளிர் தாங்காமல் இரண்டு தடவை எழுந்தாள், ஆனாலும் மூடவில்லை. வாரம் ஒரு முறை கினுவுக்கு ஃபோன் செய்தாள். தனியாக எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் கினு வேறு பேச்சுக்குத் தாவினாள். கோடைக்குப் பிறகு, கேட்பதை மசுமி நிறுத்திவிட்டாள். அந்தக் குரலில் அத்தனை வருஷமும் இல்லாத ஒரு நிம்மதி இருந்தது. மூச்சிழுப்பே இல்லை. வயசாகும்போது சிலருக்கு ஆஸ்துமா அடங்கிவிடும் என்று மருந்துக்கடை முதலாளி சொன்னார்.

அடுத்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பயறு பூரணம் வைத்த இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு மசுமி அந்த வீட்டுக்குப் போனாள். வெளியே நல்ல வெயில், வறட்டுக் காற்று. உள்ளே நுழைந்ததும் வெதுவெதுவென்றிருந்தது. ஹீட்டர் ஓடவில்லை.

கினு சதை போட்டிருந்தாள். கன்னத்தில் பளபளப்பு.

"இளைச்சுட்டியே. சமைச்சுச் சாப்பிடறியா, கடையில வாங்கறியா?"

"ரெண்டும்தான் அத்தை." சொன்ன பிறகுதான் அப்படிக் கூப்பிடலாமா என்று தோன்றியது.

கினு அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முழங்கால் உயர மேஜைக்கு அந்தப் பக்கம் சௌகரியமாக உட்கார்ந்து, அண்டை வீட்டு நாய், எதிர்வீட்டுப் புதுக் கார் என்று பேசிக்கொண்டே போனாள். சமையலறையில் அரிசி களைகிற சத்தம் கேட்டது. தண்ணீர் வடித்து, மறுபடி ஊற்றி, மறுபடி களைந்து. மசுமி அந்தப் பக்கம் பார்த்தாள்.

"வீட்டு வேலைக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?"

"வேலைக்காரியா?" கினு முகம் சுளித்தாள். "நல்லா கேட்டே. வீட்டுப் பொண்ணு."

"யாரு?"

"உனக்குத் தெரியாது. வாய் பேச மாட்டா. உன்னை மாதிரி எதிர்த்துக்கிட்டு முகத்தைத் தூக்கி வெச்சுக்க மாட்டா. ராத்திரி பக்கத்துலயே உட்கார்ந்திருப்பா. எனக்கு இழுப்பே வர்றதில்லை இப்போ."

அரிசி களைகிற சத்தம் நின்றது.

சமையலறைக்கும் இந்த அறைக்கும் நடுவிலிருந்த, கட்டம் கட்டமாய்க் காகிதம் ஒட்டிய கதவு ஒரு சாண் நகர்ந்தது. தட்டு ஒன்று பாய்மேல் தள்ளப்பட்டு உள்ளே வந்தது. தட்டில் இரண்டு தேநீர்க் கோப்பைகள். ஆவி பறந்தது. தள்ளிய கையை மசுமி பார்ப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

"இங்கே வந்து உட்காரச் சொல்லுங்களேன்" என்றாள் மசுமி.

"வர மாட்டா." கினு கோப்பையை எடுத்து ஊதிக்கொண்டாள். "வெளி ஆளுங்க முன்னாடி கூச்சம்."

மசுமி தன் கோப்பையைத் தொடவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் நிழல் எதுவும் இல்லை. சமையலறை ஜன்னல் வெயில் நேராகக் காகிதத்தில் விழுந்து வெள்ளை வெளேரென்றிருந்தது. தரையிலிருந்து ஒன்றரை முழ உயரத்தில் மட்டும் ஒரு கட்டம் நனைந்து தொங்கியது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கட்டம் மெல்ல உள்ளே குழிந்தது.

பிறகு இவள் பக்கமாகப் புடைத்தது.